கார்ப்பெட்டுக்குக் கீழே கிடக்கும் ஓக் பலகைத் தரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ரொறன்ரோ நகரில் ஸ்காபரோ, ஈஸ்ட் யோர்க் பக்கம் 1950களிலும் 60களிலும் கட்டிய சின்னப் பங்களா வீடுகளை எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வாங்கியிருக்கிறோம். அந்த வீடுகளில் கார்ப்பெட்டின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால் கீழே ஓக் பலகை கிடக்க நல்ல வாய்ப்பு உண்டு. எங்கள் வீடு 1956இல் கட்டியது. குடிவந்த முதல் கிழமையே படுக்கையறை மூலையில் குறட்டால் கார்ப்பெட்டைப் பிடித்து இழுத்தேன். மக்கிய பஞ்சு மெத்தைக்குக் கீழே, தேநீர்க் கறை பிடித்த பல் மாதிரி ஒரு தரை தெரிந்தது. இன்று அதே தரையில் வெறுங்காலோடு நடக்கிறோம். அதற்குப் பிறகு சொந்தக்காரர், நண்பர் வீடுகளிலும் இந்த வேலைக்குக் கைகொடுத்திருக்கிறேன். போகிற இடமெல்லாம் கேட்கப்படுகிற கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும் இவை.

கறுத்துப்போய், கால் ஒட்டுகிறது, பார்க்கவே மனம் வரவில்லை. இது தேறுமா?

பெரும்பாலும் தேறும். நீங்கள் பார்க்கிற அழுக்கில் முக்கால்வாசி மரத்தில் இல்லை. மரத்துக்கு மேலே பூசியிருக்கும் பூச்சில்தான் படிந்திருக்கிறது. கட்டிலுக்குக் கீழேயோ அலுமாரிக்குள்ளேயோ ஆளுக்குத் தெரியாத ஓர் இடத்தில் ஒரு சதுர அடியை மட்டும் எடுத்துச் சுத்தம் செய்து பாருங்கள். நான் முதலில் துடைத்தபோது வெள்ளைத் துணி சாயத் தேநீர் நிறத்துக்கு வந்தது. இரண்டாவது துணி கொஞ்சம் வெளிறியது. மூன்றாவது துணியில் மரத்தின் இழையோட்டம் தெரிந்தது. தேன் நிறத்தில், இடையிடையே கோடு கோடாக. அந்த ஒரு சதுர அடியைப் பார்த்த பிறகுதான் முழுத்தரையையும் தேய்த்து எடுக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன்.

இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல வருவதும் அதுதான்: அழுக்கைக் கண்டதும், மரத்தின் மேற்பரப்பையே தேய்த்து எடுக்கும் சாண்டிங் மெஷினைத் தேடி ஓடாதீர்கள். சாண்டிங் கடைசி வழி. அதற்கு முன்னால் மூன்று நான்கு வழிகள் இருக்கின்றன.

இது உண்மையான மரப்பலகையா, மேலே மரம்போல் படம் ஒட்டியதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

தரையில் சூட்டுக்காற்று வரும் துவாரத்தின் இரும்பு மூடியைத் தூக்குங்கள். பலகையை வெட்டிய விளிம்பு அங்கே தெரியும். மேலிருந்து கீழ்வரை ஒரே மரமாக, முக்கால் அங்குலத் தடிப்பில் இருந்தால் முழு மரம். மேலே மெல்லிய மரத்தோலும் கீழே அடுக்கடுக்கான ஒட்டுப்பலகையும் தெரிந்தால் எஞ்சினியர்ட் பலகை. கீழே மண்ணிறத்தில் அழுத்திய மரத்தூள் அட்டை தெரிந்தால் லமினேட். லமினேட்டைத் தேய்த்துப் புதுப்பிக்க வழியே இல்லை, துடைக்க மட்டும்தான் முடியும். எஞ்சினியர்ட் பலகையைத் தேய்க்க முடியுமா என்பது அதன் மேல்தோல் எவ்வளவு தடிப்பு என்பதைப் பொறுத்தது.

அந்தக் கால வீடுகளில் பெரும்பாலும் இருப்பது சிவப்பு ஓக். 2¼ அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்பு. ஊரில் தேக்கும் முதிரையும் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தட்டினால் பள்ளம் விழாத கடினத்தில் சிவப்பு ஓக் தேக்குக்குக் குறைந்ததல்ல, சற்றுக் கூடவே. ஆனால் தேக்கில் உள்ள இயற்கை எண்ணெய் இதில் இல்லை. இதன் நுண்துளைகளும் திறந்தே கிடக்கின்றன. ஒரு சின்னத் துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும், அவ்வளவு திறந்த மரம். தண்ணீர் விஷயத்தில் தேக்கை நம்புவதுபோல் இதை நம்பக்கூடாது.

கார்ப்பெட்டைக் கழற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முழுவதையும் ஒரே சுருளாக இழுக்கப் பார்த்தால் முதுகு போய்விடும். இரண்டு மூன்று அடி அகலக் கீற்றுகளாக வெட்டிச் சுருட்டுங்கள். வெட்டும்போது கத்தி மரத்தைத் தொடக்கூடாது, கார்ப்பெட்டைத் தூக்கிப் பிடித்துப் பின்பக்கத்தில் வெட்டுங்கள். கீழே மெத்தையைப் பிடித்திருக்கும் ஸ்டேப்பிள் கம்பிகள் ஓர் அறையிலேயே நூற்றுக்கணக்கில் இருக்கும். தட்டையான திருகாணிச் சாவியை ஒரு மெல்லிய தகட்டின் மேல் வைத்து நெம்பினால் மரத்தில் பள்ளம் விழாது. ஒன்றைக்கூட விடாதீர்கள், பிறகு துணியையும் காலையும் கிழிப்பது அந்த ஒன்றுதான். சுவரோரமாக ஆணி நிமிர்ந்த மெல்லிய மரக்கீற்று ஓடும். அதைக் கழற்றும்வரை சப்பாத்தைக் கழற்றாதீர்கள்.

இரண்டு இடங்களில் மட்டும் வேலையை நிறுத்த வேண்டும். குசினியிலோ நடைபாதையிலோ 9 அங்குலச் சதுரத் தரை டைல்களும் அவற்றுக்குக் கீழே கறுப்புப் பசையும் தெரிந்தால், அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். கனடாவில் அஸ்பெஸ்டஸுக்கான பொதுத் தடை 2018 இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. 50களின் வீட்டில் அது இருப்பது ஆச்சரியமில்லை. உடைக்காமல், தேய்க்காமல் விட்டால் பெரிய ஆபத்தில்லை. ஆய்வுகூடத்தில் ஒரு மாதிரியைப் பரிசோதித்த பிறகு முடிவெடுங்கள். அடுத்தது ஈயம். 1960க்கு முன் கட்டிய வீட்டின் பழைய பெயின்ற்றில் ஈயம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். பலகைக்குப் பெயின்ற் அடித்திருந்தால், அல்லது பழைய வார்னிஷில் சந்தேகம் இருந்தால், தேய்க்கும் முன் பரிசோதியுங்கள். தவழும் பிள்ளை இருக்கிற வீட்டில் இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

மேலே என்ன பூசியிருக்கிறது என்று ஏன் தெரிய வேண்டும்? அழுக்குப் போனால் போதாதா?

போதாது. எதனால் துடைப்பது, எதை மேலே பூசுவது, பூசியது ஒட்டுமா உரியுமா என்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்தப் பூச்சுதான். கண்டுபிடிக்க மூன்று சின்னச் சோதனைகள் போதும். மூன்றையும் மறைவான இடத்தில் செய்யுங்கள்.

முதலில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். துளி அப்படியே மணிபோல் நின்றால் பூச்சு உயிரோடு இருக்கிறது. மரம் குடித்து இருண்டால் அந்த இடத்தில் பூச்சு தேய்ந்துவிட்டது. வெள்ளைப் புள்ளி விழுந்தால் மெழுகாக இருக்கலாம்.

அடுத்து மெழுகுச் சோதனை. வெள்ளைத் துணியில் கொஞ்சம் மினரல் ஸ்பிரிட்ஸ் (பெயின்ற் கரைக்கும் திரவம்) நனைத்துத் தேயுங்கள். மஞ்சள் அல்லது மண்ணிறப் பிசுக்கு துணியில் ஏறினால் மெழுகு பூசியிருக்கிறார்கள்.

மூன்றாவது, பெயின்ற் கடையில் மெதைல் ஹைட்ரேட் என்று விற்கும் அல்கஹோலில் ஒரு துளி. அது நஞ்சு. யன்னலைத் திறந்து, கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள். பூச்சு இளகி விரலில் ஒட்டினால் அது ஷெலாக். ஒன்றும் ஆகாவிட்டால் பெரும்பாலும் பொலியூரித்தேன், அதாவது பிளாஸ்ரிக் போல் இறுகும் பூச்சு.

ஷெலாக் என்பது வேறொன்றுமில்லை, எங்கள் அரக்குத்தான். இந்தியாவிலும் தாய்லாந்திலும் மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கிற பிசின். பாண்டவர்களைக் கொளுத்தவென்று கட்டிய மாளிகையின் அரக்கு, கடல் கடந்து வந்து ஸ்காபரோவில் ஒரு படுக்கையறைத் தரையில் அறுபது வருடத்துக்கு மேலாகக் கிடந்திருக்கிறது. துணியில் அந்தச் செம்பழுப்புப் பிசுபிசுப்பு ஏறியபோது ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்த மாதிரி இருந்தது எனக்கு.

அரக்குப் பூச்சில் ஒரு வசதி உண்டு. மேலே புதிய அரக்கைப் பூசினால் பழையதை இளக்கி அதனோடு கலந்து ஒன்றாகிவிடும், தேய்த்து எடுக்கத் தேவையில்லை. வசதியீனமும் உண்டு. தண்ணீர் நின்றால் வெளிறும். கைக்குப் பூசும் சானிடைசர் சிந்தினால்கூட அடையாளம் விழும். மெழுகுத் தரை என்றால் அதன் மேல் பொலியூரித்தேன் ஒட்டவே ஒட்டாது. ஒன்றில் மெழுகையே தொடருங்கள், இல்லையென்றால் மெழுகை முற்றாக எடுங்கள். இடைவழி கிடையாது.

சரி, முதல் பெருஞ்சுத்தத்தை எப்படிச் செய்வது?

வக்யூமில் தொடங்குங்கள், தண்ணீரில் அல்ல. சுழலும் பிரஷை நிறுத்திவிட்டு, இடுக்குக் குழாயால் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள கோடுகளை ஒவ்வொன்றாக உறிஞ்சுங்கள். பல வருட மண் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதை எடுக்காமல் ஈரத்துணி போட்டால் அந்த மண் சேறாகி மரத்தில் ஏறும். மெத்தைப் பஞ்சு ஒட்டிக் காய்ந்திருந்தால் பிளாஸ்ரிக் சுரண்டியால் மெதுவாகத் தள்ளுங்கள்.

பொலியூரித்தேன் தரைக்கு, மரத்தரைக்கென்று விற்கும் காரமோ அமிலமோ இல்லாத கழுவுநீர் போதும். மைக்ரோஃபைபர் துணியை இறுக்கப் பிழியுங்கள், தூக்கிப் பிடித்தால் ஒரு துளியும் சொட்டக்கூடாது. மூன்றடிக்கு மூன்றடி இடத்தைத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். துடைக்கிற துணியை அலச ஒரு வாளி, புதிய கழுவுநீருக்கு வேறொரு வாளி. ஒரே வாளியில் வேலை செய்தால் மூன்றாவது அடியிலிருந்து அழுக்கை எடுத்து அழுக்கின் மேலேயே பூசிக்கொண்டிருப்பீர்கள். பிடிவாதமான இடத்தில் வெள்ளை நைலோன் பட்டையால் இழையோட்டத்தின் திசையிலேயே தேயுங்கள். பச்சைப் பட்டை கீறிவிடும்.

மெழுகுத் தரையில் தண்ணீர் வேலையே இல்லை. மினரல் ஸ்பிரிட்ஸும் துணியும்தான். யன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும், வீட்டில் எந்தச் சுவாலையும் எரியக்கூடாது. இரும்புக் கம்பிப்பஞ்சால் தேய்க்கச் சிலர் சொல்வார்கள். ஓக்கில் அதைச் செய்யாதீர்கள். உடைந்த நுண்கம்பி துளைகளுக்குள் தங்கித் துருப்பிடித்து, சில நாளில் தரை முழுக்க மிளகு தூவினாற்போல் கறுப்புப் புள்ளி வரும்.

அம்மா வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் வீடு சுத்தம் என்கிறார். அதில் என்ன பிழை?

அம்மா சொல்வது ஊர்ச் சிமெந்துத் தரைக்குச் சரி. வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் ஊற்றி, தும்புத்தடியால் தள்ளி, வாசல் வழியாக வெளியேற்றிய வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு, ஈரத்துணியால் ஒற்றி எடுப்பது சுத்தமாகவே தெரியாது. அந்த மனதை நான் மதிக்கிறேன், என் அப்பம்மாவும் அப்படித்தான் செய்தார். ஆனால் மரத்தரையில் ஊற்றுகிற தண்ணீர் வெளியே போக வாசல் இல்லை. பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கி அங்கேயே தங்கும். பலகையின் அடிப்பக்கம் ஈரத்தில் வீங்க, மேல்பக்கம் காய்ந்திருக்க, இரண்டு ஓரமும் மேலெழும்பி நடு பள்ளமாகிவிடும். வெறுங்காலால் நடந்தால் வரிவரியாகத் தெரியும்.

அப்படி ஆகிவிட்டால் உடனே தேய்த்துச் சமப்படுத்தப் போகாதீர்கள். தண்ணீர் வந்த வழியை அடைத்து, விசிறி போட்டு, கிழமைக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில் காயவிடுங்கள். பல நேரம் பலகை தானாகவே படியும். எழும்பிய ஓரத்தை ஈரத்தோடு தேய்த்து எடுத்துவிட்டால், பிறகு காய்ந்து சுருங்கும்போது நடு மேடாகி ஓரம் தாழ்ந்து நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒப்பந்தக்காரர் இதைத்தான் செய்தார். அந்தத் தரையை முழுதாக மாற்ற வேண்டி வந்தது.

வினாகிரி, தேசிக்காய்ச் சாறு, தேங்காய் எண்ணெய், நீராவித் துடைப்பான்?

நான்கும் வேண்டாம். வினாகிரியும் தேசிக்காயும் அமிலம். ஒருநாள் துடைத்தால் ஒன்றும் தெரியாது, திரும்பத் திரும்பத் துடைத்தால் பூச்சு மங்கும். நீராவி பூச்சின் வெடிப்பு வழியே மரத்துக்குள் சூட்டோடு ஈரத்தை ஏற்றும். தேங்காய் எண்ணெய் அன்று மினுங்கும். ஆனால் அது காய்ந்து கட்டியாகும் எண்ணெய் அல்ல. பிசுபிசுத்து, தூசு பிடித்து, பிறகு எந்தப் புதிய பூச்சையும் ஒட்டவிடாது. மினுக்கத்துக்கென்று போத்தலில் விற்கும் அக்ரிலிக் பொலிஷும் இந்தக் கணக்கில்தான். படைபடையாக ஏறி இரண்டு வருடத்தில் சாம்பல் பூத்துவிடும்.

மஞ்சள் கறை விழுந்துவிட்டது. சவர்க்காரம் போட்டதும் சிவப்பாகி விட்டதே!

பயப்பட வேண்டாம். மஞ்சளோடு காரம் சேர்ந்தால் சிவக்கும், மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் அந்தக் குணத்தால்தான். சவர்க்காரத்திலும் அப்பச்சோடாவிலும் காரம் உண்டு. வெறும் ஈரத்துணியால் ஒற்றினால் பழைய மஞ்சளுக்குத் திரும்பும். பிறகு வெயிலிடம் விடுங்கள். மஞ்சளின் நிறம் சூரிய ஒளியைத் தாங்காது. எங்கள் சாப்பாட்டு மேசைக்குக் கீழே உள்ளங்கை அளவில் குழம்புக் கறை ஒன்று இருந்தது. மேசையைத் தள்ளிவைத்துத் திரைச்சீலையை விலக்கி விட்டேன், நாலைந்து நாளில் தேடிப் பார்க்க வேண்டியதாயிற்று. பூச்சு தேய்ந்து மரத்துக்குள்ளேயே இறங்கியிருந்தால் இன்னும் நாளெடுக்கும்.

சாமி அறையில் விளக்கெண்ணெய் சிந்திக் கறுத்துக் கிடக்கிறது.

புதிதாகச் சிந்தியதென்றால் துடைக்காமல் ஒற்றி எடுத்து, மேலே சோளமா அல்லது முகப்பூச்சு மாவைக் குவித்து ஓர் இரவு விடுங்கள், உறிஞ்சும். காலையில் வக்யூமால் எடுத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். வருடக்கணக்கில் ஊறியதென்றால் மினரல் ஸ்பிரிட்ஸால் பலமுறை எடுக்க வேண்டும், அப்போதும் சற்று இருட்டாகத்தான் இருக்கும். இனிமேலாவது விளக்குக்குக் கீழே ஒரு பித்தளைத் தாம்பாளம் வையுங்கள். கற்பூரத் தட்டை நேரே தரையில் வைக்காதீர்கள்.

பூச்சாடி இருந்த இடத்தில் கறுப்பு வட்டம். எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

அது அழுக்கல்ல, அதனால்தான் போகவில்லை. ஓக்கில் துவர்ப்புச் சத்து அதிகம். ஈரமும் இரும்பும் அதோடு சேர்ந்தால் மரத்துக்குள்ளேயே ஒரு மைபோல் கறுப்பு உண்டாகும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை செய்ததும் இதே விஷயம்தான். துருப்பிடித்த ஸ்டேப்பிளைச் சுற்றிவரும் கறுப்புப் புள்ளியும் இதுவே.

இதற்கு மருந்து ஒக்ஸாலிக் அமிலம், ஹார்ட்வெயார் கடையில் மரம் வெளுக்கும் தூளாகக் கிடைக்கும். பூச்சை எடுத்த வெறும் மரத்தில்தான் வேலை செய்யும். வெந்நீரில் கரைத்துக் கறையில் தடவி, காயவிட்டு, தேவையென்றால் மறுபடி தடவுங்கள். கறுப்பு கண்முன்னாலேயே கலையும். பிறகு அப்பச்சோடாக் கரைசலால் துடைத்து, வெறும் தண்ணீரால் ஒருமுறை ஒற்றி, நன்றாகக் காயவிடுங்கள். இது நஞ்சு. கையுறையும் கண்ணாடியும் வேண்டும், காய்ந்த தூளைத் தேய்த்துத் தூசாக்கி மூச்சில் எடுக்கக்கூடாது. நாய், பூனை மூத்திரம் ஊறிக் கறுத்த இடம் பெரும்பாலும் இதற்கும் மசியாது. அங்கே பலகையை மாற்றுவதே மேல். அலுமாரிக்குள்ளிருந்து அதே வயதுப் பலகையை எடுத்துப் போட்டால் ஒட்டுத் தெரியாது.

அப்படியானால் எப்போதுதான் சாண்டிங் செய்வது?

பல இடங்களில் தண்ணீர்த் துளியை மரம் குடிக்கிறதென்றால், கறுப்பும் ஆழமான கீறலும் பரவியிருந்தால், பழைய பூச்சு செதில் செதிலாக உரிந்தால், அப்போது. பலகைகளை ஒன்றோடொன்று பூட்டும் நாக்கு மேற்பரப்பிலிருந்து கிட்டத்தட்ட கால் அங்குலம் கீழேதான் இருக்கிறது. முழுதாகத் தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் ஓர் அங்குலத்தில் 32இல் ஒரு பங்கு அளவு மரம் போகும், கை பழகாதவர் செய்தால் இன்னும் கூட. ஆணித்தலைகள் தெரியத் தொடங்கிவிட்டால் அந்தத் தரை இனித் தேய்ப்பைத் தாங்காது. தேய்த்த மரம் திரும்பி வராது. நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

நீங்களே செய்யலாமா? செய்யலாம். ஆனால் வாடகைக்குத் தருகிற உருளை மெஷினை முதல் முறையே வரவேற்பறையில் பிடிக்காதீர்கள். அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு விநாடி நின்றாலும் அலைபோல் பள்ளம் விழும், பூச்சு ஏறி வெளிச்சம் பட்டதும் அந்த அலை இன்னும் துலங்கும். தட்டையாக அதிர்ந்து தேய்க்கும் மெஷின் மெதுவானது, ஆனால் மன்னிக்கும். 36 அல்லது 40 எண் தாளில் தொடங்கி, 60, 80, 100 என்று ஏறுங்கள். நடுவில் ஓர் எண்ணைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் அப்படியே நிற்கும். எண் மாறும்போதெல்லாம் வக்யூம். நல்ல முகக்கவசம். அறை வாசலைப் பொலித்தீனால் மூடி, காற்றுத் துவாரங்களையும் அடையுங்கள், இல்லையென்றால் தூசு அடுத்த அறைப் புட்டு மாவுக்குள்ளும் போகும்.

சாண்டிங் இல்லாமல் மினுக்கத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாதா?

முடியும். பொலியூரித்தேன் மங்கி மேலோட்டமாகக் கீறியிருந்தால், 120 அல்லது 150 எண் வலைத்தாள் பொருத்திய சுழல் மெஷினால் மேற்பூச்சை மட்டும் இலேசாகச் சொரசொரப்பாக்கி, தூசெடுத்து, மேலே ஒரு புதிய படை பூசலாம். ஒரே நாள் வேலை, மரம் துளியும் குறையாது. ஆனால் முன்பு மெழுகோ, எண்ணெயோ, பொலிஷோ போட்டிருந்தால் புதுப் படை உரியும். அதனால் மூலையில் ஒரு சின்ன இடத்தில் பூசிக் காயவிட்டு, நகத்தால் சுரண்டிப் பார்த்த பிறகு முழு அறைக்கும் போங்கள்.

எண்ணெய்ப் பொலியூரித்தேனா, நீர்ப் பொலியூரித்தேனா?

எண்ணெய்க் கலவை மரத்துக்குத் தேன் நிறம் கொடுக்கும், வருடம் போகப் போக இன்னும் மஞ்சளிக்கும். மணம் கடுமை. ஒரு படைக்கும் அடுத்ததுக்கும் இடையில் பெரும்பாலும் ஓர் இரவு வேண்டும். நீர்க் கலவை நிறத்தை மாற்றாது, மணம் குறைவு, இரண்டு மூன்று மணித்தியாலத்தில் அடுத்த படை ஏறும். சின்னப் பிள்ளைகளோ ஆஸ்துமா உள்ளவர்களோ இருக்கிற வீட்டில் நான் நீர்க் கலவையைத்தான் சொல்வேன். எதுவானாலும் மூன்று படை, இடையிடையே இலேசான தேய்ப்பு. போத்தலை ஆட்டாதீர்கள், கிளறுங்கள், இல்லையென்றால் குமிழி தரையில் வந்து உட்காரும்.

எண்ணெய்த் துணி தானாகத் தீப்பிடிக்கும் என்பது உண்மையா?

உண்மை. ஆளி எண்ணெய், எண்ணெய்ச் சாயம், எண்ணெய் வார்னிஷ் ஆகியவை காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகும். துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, சில மணித்தியாலத்தில் தீப்பிடிக்கலாம். துணியை வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள தகரத்தில் அமிழ்த்துங்கள். சாண்டிங் தூசுப் பைக்கும் இதே எச்சரிக்கை. நிறைந்த பையை இரவில் வீட்டுக்குள்ளோ கராஜிலோ விடாதீர்கள்.

தைமாதம் வந்தால் பலகைகளுக்கு நடுவில் இடைவெளி விழுகிறது. புட்டி போட்டு அடைக்கலாமா?

அடைக்காதீர்கள். சூட்டுக்காற்று ஓடத் தொடங்கியதும் வீட்டின் ஈரப்பதன் 30 வீதத்துக்கும் கீழே போகும், மரம் சுருங்கும். ஆடி ஆவணியில் திரும்ப விரிந்து மூடிக்கொள்ளும். நடுவில் புட்டி இருந்தால் விரிய இடமில்லாமல் நசுங்கும். ஈரப்பதன்மானி ஒன்றை வாங்கி வைத்து, ஈரமூட்டியால் 35 முதல் 50 வீதத்துக்குள் வைத்திருக்கப் பாருங்கள். கடுங்குளிரில் யன்னல் கண்ணாடி வியர்த்தால் கொஞ்சம் குறையுங்கள்.

பனிக்காலச் சப்பாத்து?

வாசலோடு நிற்க வேண்டும். வீதி உப்பு இரண்டு வகையில் கெடுக்கும், கல்லாகக் கீறும், கரைந்து வெள்ளை படியும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருவது எங்களுக்குப் பிறவிப் பழக்கம், இந்தத் தரைக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. வாசலில் விளிம்புள்ள ரப்பர்த் தட்டு ஒன்று போடுங்கள்.

நாளாந்தம் என்ன செய்ய வேண்டும்?

அதிகமில்லை. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை வக்யூம் அல்லது காய்ந்த மைக்ரோஃபைபர். கிழமைக்கொருமுறை, அல்லது கால் ஒட்டும்போது, பிழிந்த ஈரத்துணி. சிந்தியதை அப்போதே ஒற்றுங்கள். கதிரை, மேசைக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டி, அதில் மண் ஏறியதும் மாற்றுங்கள், மண் ஏறிய துண்டு சாண்ட்பேப்பருக்குச் சமம். சமையல் அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் முன்னால் ஒரு விரிப்பு. அடியில் ரப்பர் பூசிய விரிப்பு மட்டும் வேண்டாம், சில வகை பூச்சில் நிறம் ஏற்றிவிடும்.

புதுப்பூச்சு ஏறிவிட்டது. எப்போது குடிபுகலாம்?

காய்வது வேறு, இறுகுவது வேறு. நீர்க் கலவையில் ஒரு நாள் கழித்துக் காலுறையோடு நடக்கலாம். கதிரை மேசையை மூன்றாம் நாள்போல் தூக்கி வையுங்கள், இழுக்க வேண்டாம். விரிப்பும் பாயும் இரண்டு கிழமைக்குப் பிறகு. எண்ணெய்க் கலவைக்கு முழு மாதமும் பொறுக்க வேண்டும். தகரத்தில் எழுதியிருக்கும் கணக்கு இதற்கு மாறாக இருந்தால் தகரத்தையே நம்புங்கள். விருந்துக்கு நாள் குறித்துவிட்டுப் பூச்சு வேலை தொடங்காதீர்கள். முதலில் தரை இறுகட்டும், அப்புறம் ஆட்களைக் கூப்பிடுங்கள்.